ஒற்றைச்சொல் மதிப்பீடும் பள்ளி ஆய்வும்: இங்கிலாந்தின் ஆஃப்ஸ்டெட் அமைப்பை முன்வைத்து

இங்கிலாந்தில் அரசின் பள்ளி ஆய்வாளர்கள் 1839இல் முதன்முதலாக அமர்த்தப்பட்டனர். அன்று அவர்கள் இருவரே. ஆய்வு என்பது பள்ளியைக் கட்டுப்படுத்தும் கருவியன்று, பள்ளிக்கு உதவும் வழி என்பதே அவர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தலின் சாரம். உதவியாகத் தொடங்கிய ஆய்வு தீர்ப்பாக மாறிய விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

முதல் மாற்றம் 1862இல் நிகழ்ந்தது. இராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளின்படி, மாணவர் வருகையும், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் நடத்தும் தேர்வின் முடிவும் மானியத் தொகையைத் தீர்மானித்தன. பாடம் தேர்வளவுக்குச் சுருங்கியது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்ட் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். 1890களில் அது அங்குக் கைவிடப்பட்டது. சென்னை மாகாணப் பள்ளிகளும் இத்தகைய மானிய முறையைக் கண்டவையே.

இன்றைய ஆஃப்ஸ்டெட் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 2007இல் குழந்தைகள் இல்லங்கள், தத்தெடுப்பு முகமைகள், உள்ளாட்சி மன்றங்களின் குழந்தை நலப் பணிகள் ஆகியவையும் அதன் ஆய்வு வரம்புக்குள் வந்தன. பள்ளியின் ஒட்டுமொத்த நிலையை ‘மிகச் சிறந்தது’, ‘நன்று’, ‘மேம்பாடு தேவை’, ‘போதாது’ என்னும் நான்கில் ஒன்றால் அது அறிவித்துவந்தது. பெற்றோருக்கு எளிதில் விளங்கும் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்த நியாயத்தைப் புறந்தள்ள இயலாது. நீண்ட அறிக்கையை எத்தனை பெற்றோர் படிப்பர்? ஆயினும் அச்சொல் வெறும் தகவலாக நிற்கவில்லை. உள்ளாட்சி மன்றப் பள்ளியொன்று ‘போதாது’ எனப்பட்டால், அதனை அறக்கட்டளை நடத்தும் அகாடமியாக மாற்ற ஆணையிடுவதை 2016ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஒரு சொல்லில் தலைமையாசிரியரின் பணிவாழ்வே அடங்கியிருந்தது.

ரெடிங் நகரின் கேவர்ஷாம் தொடக்கப் பள்ளி இதற்குச் சான்று. 2022 நவம்பரில் இரண்டு நாள் நடந்த ஆய்வில் கற்பித்தலும் மாணவர் நடத்தையும் ‘நன்று’ என்றே மதிப்பிடப்பட்டன. குழந்தைப் பாதுகாப்பு நடைமுறைகளில் கண்ட குறைகளால் தலைமைத்துவம் ‘போதாது’ ஆயிற்று. அதனால் பள்ளி முழுவதுமே ‘போதாது’ ஆயிற்று. தலைமையாசிரியை ரூத் பெரி 2023 சனவரியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவரது இறப்புக்கு அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று அவ்வாண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவுரைத்தார். பாதுகாப்புக் குறைகளைச் சுட்டுவது ஆய்வாளரின் கடமை என்பதில் ஐயமில்லை. விரைவில் திருத்தத்தக்க குறையையும் ஆண்டுக்கணக்கில் சீரழிந்த பள்ளியையும் ஒரே சொல்லால் குறித்ததே சிக்கல்.

உயர்ந்த சொல்லும் உண்மையை மறைத்தது. ‘மிகச் சிறந்தது’ என்ற பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. விலக்கு நீங்கியபின் 2021–22இல் ஆய்வுசெய்யப்பட்ட அத்தகைய பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை அத்தகுதியை இழந்தன. நெடுங்காலம் ஆய்வு காணாதவையே முதலில் தெரிவாயின என்பதால் இவ்விகிதத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் பொருத்துவது தவறு.

2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான ஒட்டுமொத்த ஒற்றைச்சொல் மதிப்பீடு நீக்கப்பட்டது. 2025 நவம்பரில் தொடங்கிய புதிய அறிக்கை அட்டை, ஒவ்வொரு கூறையும் ஐந்து நிலைகளில் தனித்தனியே மதிப்பிடுகிறது. குழந்தைப் பாதுகாப்பு அந்நிலைகளில் சேராமல், நிறைவேறியதா இல்லையா என்று மட்டும் பதியப்படுகிறது.