மின் தூரிகையும் கைத்தூரிகையும்

காலையில் எழுந்ததும் பல் துலக்குதல் நம் முன்னோர் வகுத்த நித்திய கருமங்களுள் ஒன்றாகும். தந்தசுத்தி முடிந்த பின்னரே நீராடலும் வழிபாடும் உணவும் தொடர்ந்தன. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் உமிக்கரியும் அந்நாளில் இதற்குப் பயன்பட்டன. இன்றோ திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தெருக்களிலும் தம்பலகாமத்துச் சிறு கடைகளிலும் பற்றூரிகையைக் காணலாம். வெளிநாட்டில் வாழும் உறவினர் விடுமுறைக்கு வருங்கால் மின்னால் இயங்கும் தூரிகையையும் கொணர்கின்றனர். அத்தகைய தூரிகையொன்று எம் இல்லத்துக்கும் வந்தது. அதனை அறிந்த மாணவர் சிலர், “எது மேலானது, சேர்?” என வினவினர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பற்றூரிகையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நெடுங்காலம் பன்றி முதலிய விலங்குகளின் மயிரே தூரிகைக்கு உதவிற்று. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைலோன் இழைத் தூரிகை விற்பனைக்கு வந்தது. 1954இல் சுவிற்சர்லாந்தில் ‘புரொக்சோடென்ற்’ என்னும் மின் தூரிகை தோன்றிற்று. அது கம்பியால் வீட்டு மின்னோடு இணைக்கப்பட்டிருந்தது. மின்னேற்றிப் பயன்படுத்தும் கம்பியற்ற தூரிகைகள் 1960களின் தொடக்கத்தில் வந்தன. இக்காலத்து மின் தூரிகைகளுள் இருவகை பெருவழக்கானவை. ஒன்றன் வட்டத் தலை இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழலும். மற்றதன் தலை மிக விரைந்து பக்கவாட்டில் அதிரும்.

இனி, தூரிகை செய்யும் தொழில் யாது? பல்லின்மேல் நாள்தோறும் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் மிளிரியைக் கரைக்கப் பற்சூத்தை உண்டாகின்றது. முரசின் ஓரத்தில் தங்கும் படலம் முரசை வீங்கச் செய்து குருதி கசியவும் செய்கின்றது. இப்படலத்தை அகற்றுவதே தூரிகையின் கடமை. அதனை அசைப்பது கையாயினும் மின்னாயினும் பல்லுக்கு ஒன்றே.

ஆயின் இரண்டும் சமமோ? 2014ஆம் ஆண்டு வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 56 பரிசோதனைகளை ஆராய்ந்தது. மின் தூரிகையைப் பயன்படுத்தியோரிடம், கைத்தூரிகையைப் பயன்படுத்தியோரிலும் பற்படலம் முதல் மூன்று மாதங்களுள் நூற்றுக்கு 11 வீதமும், அதன் பின்னர் 21 வீதமும் குறைவாகக் காணப்பட்டது. முரசழற்சியோ முறையே 6 வீதமும் 11 வீதமும் குறைந்திருந்தது. எனவே மின் தூரிகைக்குச் சிறிது மேன்மை உண்டென்பது மெய். எனினும் இவ்வேறுபாட்டினால் நடைமுறையில் விளையும் நன்மை எத்துணையது என்பது தெளிவாகவில்லை என அத்தொகுப்பே கூறுகின்றது.

செலவும் கருதற்பாலது. மின் தூரிகையை ஒருமுறை வாங்குதல் போதாது. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் தலையை மாற்றுதல் வேண்டும். அத்தலை நம்மூரில் கிடையாதாயின் விலையுயர்ந்த கருவியும் மூலையிற் கிடக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின் தடைப்பட்டதை நாம் மறவோம். ஆயினும் ஒருமுறை மின்னேற்றிய தூரிகை பல நாள்களுக்கு உழைக்குமாதலின், மின்வெட்டை மாத்திரம் காட்டி அதனை ஒதுக்குதல் நியாயமன்று.

இவ்விடத்து எமது பிழையொன்றையும் மறையாது கூறுதல் நன்று. வலிந்து தேய்த்தாற்றான் பல் தூய்மையாகும் என எண்ணி, வன்மையான இழைகளையுடைய தூரிகையால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேய்த்து வந்தோம். முரசு கீழிறங்கிப் பல்லின் வேர்ப்புறம் வெளிப்பட்டது. குளிர்ந்த நீர் பட்டாலும் கூசிற்று. கீழிறங்கிய முரசு தானே மீண்டு வளராது என்று பல் வைத்தியர் கூறியபோதுதான் எம் அறியாமையை உணர்ந்தோம். குற்றம் தூரிகையினதன்று, கையினதே. மென்மையான இழைத் தூரிகையை எழுதுகோலைப் பிடிப்பதுபோற் பிடித்து, முரசின் ஓரத்தில் 45 பாகை சாய்த்து, சிறு அசைவுகளால் இரண்டு நிமிடம் துலக்குதல் வேண்டும். மின் தூரிகையாயின் அதனைத் தேய்க்காது, பல்லுக்குப் பல் மெல்ல நகர்த்தினால் அமையும். மிகுதியாக அழுத்தும்போது ஒளிகாட்டி எச்சரிக்கும் மின் தூரிகைகளும் உள.

தூரிகையினும் பற்பசையின் தேர்வு முக்கியமானது. சூத்தையைத் தடுப்பதில் புளோரைட்டுக்குப் பெரும் பங்குண்டு. ஆயின் நம் உலர் வலயத்துக் கிணறுகள் சிலவற்றில், சிறப்பாக அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில், புளோரைட்டு இயல்பாகவே மிகுந்துள்ளது. அது வளரும் பற்களிற் கறையை உண்டாக்கும். ஆகவே சிறுவர் பற்பசையை விழுங்காதவாறு பெற்றோர் அருகிருந்து கவனித்தல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும்.

முடிவாக, நலமுள்ள கையும் இரண்டு நிமிடப் பொறுமையும் உடையார்க்குக் கைத்தூரிகை போதும். விரல் மூட்டு வாதத்தால் வருந்துவோர்க்கும், கைநடுக்கமுடைய முதியோர்க்கும், பிறர் பல்லைத் துலக்கிவிடும் பணியுடையோர்க்கும் மின் தூரிகை பெருந்துணையாகும்.

எம் இல்லத்துக்கு வந்த மின் தூரிகையை இன்று பயன்படுத்துபவர் எம் அன்னையார். விரல்கள் மடங்காமையால் ஈராண்டுகளாக அவர் விரலாற் பற்பொடி தேய்த்துக் கழித்தவர். தடித்த பிடியுடைய அக்கருவியை இப்போது தாமே பிடித்துத் துலக்குகின்றார். எமக்கோ கடையில் வாங்கிய மென்மையான கைத்தூரிகையே போதுமாயிருக்கின்றது. மாணவர்காள்! எது மேலானது என வினவுமுன், எவர்க்கு என்று வினவுமின்.