ஒரே காடு, இருவேறு கட்டணம்

ஒரே நாட்டின் பிரஜைகள் இருவர் ஒரே மலைக்காட்டில் ஒரே இன மானை வேட்டையாடச் செல்கின்றனர். ஒருவருக்குச் சில டொலர்களே போதும். மற்றவர், மாநில எல்லைக்கு அப்பால் வசிப்பவர் என்பதனால், பன்மடங்கு செலுத்த வேண்டியவராகிறார். ஐக்கிய அமெரிக்காவில் நீண்டகாலமாக நிலவிவரும் வழமை இது.

அந்நாட்டில் வனவிலங்குகள் நிலச் சொந்தக்காரருக்கு உரியவையல்ல. மாநிலமே தன் மக்களின் சார்பில் அவற்றின் பொறுப்பாளராகக் கருதப்படுகிறது. மொன்டானா மாநிலத்தில் 1976ஆம் ஆண்டு, எல்க் எனப்படும் பெரிய மானை வேட்டையாட உள்ளூர்வாசி செலுத்தியது 9 டொலர். வெளிமாநிலத்தவரோ, தாம் விரும்பாத ஏனைய விலங்குகளையும் உள்ளடக்கிய கூட்டு அனுமதிப்பத்திரத்தை 225 டொலருக்கு வாங்க வேண்டியிருந்தது. அதே உரிமைகள் அனைத்தும் உள்ளூர்வாசிக்கு 30 டொலருக்குக் கிடைத்தன. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. 1978இல் ஆறு நீதியரசர்கள் மாநிலத்தின் பக்கம் நின்றனர், மூவர் மறுத்தனர். எல்க் வேட்டை பொழுதுபோக்கேயன்றி வாழ்வாதாரமன்று என்பதே பெரும்பான்மையினரின் வாதத்தின் சாரம்.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. தென் கரோலினா மாநிலம் இறால் பிடிக்கும் படகுகளுக்கு உள்ளூர்வாசிகளிடம் 25 டொலரும் வெளியாரிடம் 2,500 டொலரும் அறவிட்டபோது, 1948இல் அதே நீதிமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கியது. உழைப்பாளியின் வலைக்கு ஒரு நீதி, வேட்டைப்பிரியரின் துப்பாக்கிக்கு வேறொரு நீதி. இதில் நியாயமுண்டு என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் முழு நியாயமும் மாநிலங்களின் பக்கமே உள்ளதெனக் கூறிவிட முடியாது. மேற்கு மாநிலங்களின் வேட்டைக் காடுகளிற் பெரும்பகுதி மத்திய அரசுக்கு, அதாவது நாட்டு மக்கள் அனைவருக்கும், சொந்தமானவை. வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது 1937ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கப்படும் 11 சதவீத வரியையும் எல்லா மாநிலத்தவருமே சுமக்கின்றனர். வாக்குரிமையற்ற வெளியாரிடம் கட்டணத்தை உயர்த்துவது எந்த அரசியல்வாதிக்கும் இலகுவான காரியமே. 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அரிசோனாவில் வெளியாருக்கு விதிக்கப்பட்டிருந்த 10 சதவீத உச்சவரம்பைக் கேள்விக்குட்படுத்தியது. 2005இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி, மாநிலங்களின் அதிகாரத்தை மீளவும் உறுதிசெய்தது.

அனுமதிப்பத்திரத்தோடு செலவு முடிவதுமில்லை. வயோமிங் மாநிலத்தில், மத்திய அரசு பாதுகாத்துவரும் வனாந்தரப் பகுதிகளில் வெளியார் தனியே நடக்கலாம், கூடாரமிடலாம், படமும் எடுக்கலாம். எல்க் போன்ற பெரிய விலங்கை வேட்டையாடுவதாயின், அனுமதிபெற்ற வழிகாட்டியை அமர்த்த வேண்டும். அன்றேல் உள்ளூர்வாசி ஒருவர் துணையாகச் செல்ல வேண்டும். அதே பாதையில் உள்ளூர் வேட்டைக்காரர் தனியே செல்கிறார்.