உழைப்பும் ஓய்வும்: நம் துறைமுகம் கண்டவை

ஒரு வாரத்தில் உள்ள மணித்தியாலங்கள் 168. அரசனாயினும் ஆண்டியாயினும் இவ்வளவே. இவற்றுள் உழைப்புக்கு எத்தனை, உறக்கத்துக்கு எத்தனை, மனைவி மக்களுக்கும் சுற்றத்துக்கும் கோயில் குளத்துக்கும் எத்தனை என்னும் கேள்வி, ஆலைத்தொழில் பெருகிய நாள் முதலாக உலகெங்கும் கேட்கப்பட்டு வருகின்றது. பதிலும் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே தரப்படுகின்றது: நாளுக்கு 8, வாரத்துக்கு 48, அன்றேல் 45, அன்றேல் 40. எண்ணிக்கை வேண்டற்பாலதே. ஆயின், திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்த நம்மவரின் அநுபவத்தை நோக்குமிடத்து, எத்தனை மணி ஓய்வு என்பதோடு, அவ்வோய்வு எப்பொழுது வருகின்றது, யாரோடு சேர்ந்து வருகின்றது என்பதும் அதேயளவு பெரிய கேள்வியென நமக்குத் தோன்றுகின்றது. அதுபற்றியே இம்மலரில் சிறிது எழுதப் புகுந்தோம்.

எண்ணிக்கையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். உழைப்புக்கு எட்டு, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு என நாளை மூன்றாகப் பகுத்துக் காட்டியவர் பிரித்தானிய ஆலையதிபர் ராபர்ட் ஓவன், காலம் 1817. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துக் கட்டடத் தொழிலாளர் 1856 இல் அதனைக் கூலிக் குறைவின்றிப் பெற்றனர். 1919 இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, தன் முதலாவது சமவாயத்திலேயே கைத்தொழில் நிலையங்களுக்கு நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என வரையறுத்தது. நமக்கு அண்மையில், கடலுக்கு அக்கரையில் நிகழ்ந்த ஒன்றையும் மறத்தலாகாது. கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908 இல் தூத்துக்குடிக் கோரல் நூலாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றபொழுது, கேட்கப்பட்டவற்றுள் கூலியுயர்வோடு வாராந்த விடுமுறையும் ஒன்று. வயிற்றுக்குக் கேட்டவர்கள் கூடவே ஒரு நாளையும் கேட்டார்கள். இரண்டும் கிடைத்தன.

இலங்கையில் கந்தோர்களிலும் கடைகளிலும் வேலைசெய்வோரின் நேரத்தை வரையறுத்தது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமாகும். உணவு இடைவேளை நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறை. ஆண்டுக்கு 14 நாள் விடுப்பு, அதில் 7 நாள் தொடர்ச்சியாகக் கொடுக்கப்படல் வேண்டும். மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்தை மிஞ்சலாகாது. தொடர்ச்சியாக ஏழு நாள் என்று சட்டம் இயற்றியோர் எழுதிவைத்தது நமக்குப் பெரிதும் உவப்பானது. உதிரியாக ஏழு நாளும் ஒருசேர ஏழு நாளும் ஒன்றல்லவென்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

இச்சட்டத்தின்படி வேலைசெய்யும் இலிகிதர் ஒருவரின் வாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வேலை 45, மதிய உணவு வேளைகள் 5, போக வர நாளுக்கு இரண்டாக ஆறு நாளுக்கு 12, உறக்கம் 56. ஆக 118. எஞ்சியன 50. குளிப்பு, உணவு, சந்தை, சில்லறைக் கருமங்கள் என்று நாளுக்கு மூன்று கழித்தால் மிஞ்சுவன 29. மேலதிக நேரம் 12 மணியும் செய்வாராயின், 17. அவரே அடுக்களையையும் பார்க்கும் பெண்ணாயின் இக்கணக்கை நாம் எழுதாமல் விடுவதே மரியாதை.

இன்னொன்றும் உண்டு. உலக சுகாதார தாபனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைக் காட்டிலும் பாரிசவாத ஆபத்து 35 வீதமும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் கூடுதல் எனக் கண்டது. 45 உடன் 12 ஐக் கூட்டுக, 57 ஆகின்றது. சட்டம் இடங்கொடுக்கும் எல்லையே ஆபத்தின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றது.

இனி, ஓய்வு எப்பொழுது வருகின்றது என்னும் கேள்விக்கு வருவோம். இதற்குத் துறைமுகவாசிகளாகிய நாம் கப்பலைப் பார்த்தல் தகும். பண்டைத் தமிழர் நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதாக வகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அஃதாவது நான்கு மணித்தியாலம். வியப்பென்னவெனில், கப்பலிலும் காவல்முறை நான்கு மணித்தியாலமே. ஆயின் கப்பலோட்டிகள் ஆறோடு நிற்கவில்லை. பிற்பகல் 4 முதல் இரவு 8 வரையுள்ள பொழுதை இரண்டாக உடைத்து, இரு மணித்தியாலக் காவல்கள் இரண்டாக்கி, நாளொன்றுக்கு ஏழு காவல்கள் வகுத்தனர். அவ்விரு சிறு காவல்களுக்கும் டொக் வாச் என்று பெயர். பெயர்க்காரணத்தில் அவர்களுக்குள்ளேயே ஒருமைப்பாடில்லை. ஏழாக்கியதன் காரணம் எளிது. மாலுமிகள் இரு குழுவினர் மாறிமாறிக் காவலிருப்பர். காவல்கள் ஆறாயின், நள்ளிரவு முதல் 4 மணி வரை விழித்திருக்கும் கொடுமை என்றும் ஒரே குழுவின் தலையில் விழும். ஏழாயின், இன்று விழித்தவன் நாளை உறங்குவான். வேலைநேரம் ஒரு மணியும் குறையவில்லை. துன்பமான நேரம் மாத்திரம் பங்கிடப்பட்டது.

2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிற் சமவாயமும் இந்நுட்பத்தைப் போற்றுகின்றது. மாலுமிக்கு 24 மணியுள் 10 மணிக்குக் குறையாத ஓய்வும் 7 நாளுள் 77 மணிக்குக் குறையாத ஓய்வும் வேண்டும் என்பதோடு அமையாது, அப்பத்து மணியை இரண்டு கூறுக்கு மேல் துண்டாடலாகாது, அவற்றுள் ஒன்றேனும் 6 மணிக்குக் குறையலாகாது என்றும் அது விதிக்கின்றது. துண்டு துண்டாய் வரும் ஓய்வு ஓய்வாகாதென்பதைக் கடற்சட்டம் அறிந்துள்ளது. கரையிலுள்ள சட்டங்கள் இன்னும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

டொக்யாட் என நம் ஊரவர் வழங்கிய பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தேசத்துக்கு அது பெருமைக்குரிய நாள். அத்தளத்தை நம்பியிருந்த பல குடும்பங்களுக்கோ வேலை போன நாள். அவர்களுக்கு வாரத்தின் 168 மணியும் சொந்தமாயின. ஆயினும் அதனை ஓய்வென்று எவரும் சொல்லார். வருமானத்தோடும் ஒழுங்கோடும் கூடிய உழைப்பின் மறுபக்கமாக வரும்போதுதான் ஓய்வுக்குச் சுவையுண்டு. வேலைநேரக் குறைப்பைப் பற்றிப் பேசுவோர் சம்பளத்தை விட்டுவிட்டுப் பேசுதல் பொருந்தாது.

அடுத்து நாடு முழுவதும் நேர்ந்ததொரு பெரும் சோதனை. 1966 சனவரி 1 முதல் ஞாயிற்றுக்கிழமை வாராந்த விடுமுறையாக இராதொழிந்தது. டட்லி சேனாநாயக்க அரசாங்கம் இயற்றிய விடுமுறைச் சட்டத்தின்படி, பூரணை, அமாவாசை, இரு அட்டமிகள் ஆகிய நான்கு போயா தினங்களும் விடுமுறையாக, ஒவ்வொன்றுக்கும் முந்திய நாள் அரைநாள் விடுமுறையாயிற்று. பௌத்தருக்கு இது சமய மறுமலர்ச்சி. சைவர்க்கும் ஒரு வசதி, ஏனெனில் பூரணையும் அமாவாசையும் நமக்கும் விரத தினங்களன்றோ. ஆடி அமாவாசையன்று கடலாடச் செல்வோர் கந்தோரில் விடுப்புக் கேட்டு நிற்கவேண்டியதில்லை. கிறித்தவ அன்பர்க்கு மாத்திரம் ஆராதனை நாள் வேலைநாளாயிற்று.

சந்திரனோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனல்லன். ஒரு திங்கள் சுற்றுக்கு ஏறக்குறைய 29½ நாள். நான்காகப் பகுத்தால் 7 நாளும் சொச்சமும். ஆகவே ஒரு வாரம் 7 நாளாயின் இன்னொன்று 8 நாள். சிலவேளை 6 நாளும் உண்டு. ஆண்டுக்கு 52 ஞாயிறுகள் வந்த இடத்தில் 49 அல்லது 50 போயாக்களே வந்தன. இரண்டு மூன்று ஓய்வுநாள் சத்தமின்றிக் குறைந்தன என்பதை அக்காலத்தில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ அறியோம். நாட்காட்டியைப் பாராமல் எவரும் எதனையும் திட்டமிட முடியவில்லை. வரும் செவ்வாய் விடுமுறையாயின் அடுத்தது செவ்வாயோ புதனோ என்று சுவரைப் பார்த்தே சொல்லவேண்டும். துறைமுகத்தாருக்கு இடர் இன்னும் பெரிது. உலகத்துத் துறைமுகங்களும் வங்கிகளும் ஞாயிறன்று மூடிக்கிடக்க நாம் திறந்திருந்தோம். அவை திறந்திருக்கையில் நாம் மூடியிருந்தோம். ஐந்தாண்டுக்கு மேல் நடந்த இச்சோதனை 1971 இல் முடிவுற்று, சனி ஞாயிறு மீண்டன. பூரணை மாத்திரம் விடுமுறையாக நிலைத்தது. ஓய்வுநாள் பிறரோடு ஒத்து வரவேண்டும், எப்பொழுது வருமென்று முன்கூட்டியே தெரியவும் வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் நமக்குக் காட்டவில்லை.

1980 களில் குடாவின் கரையில் மாவாலையும் சீமெந்தாலையும் எழுந்தன. நம் பழைய மாணவர் பலர்க்கு அவை சோறிட்டன. இரவும் பகலும் ஓடும் இயந்திரத்தோடு சேர்ந்து முறைவேலை வந்தது. இங்கும் ஒரு கணக்கு உண்டு. இடையறாது 168 மணியும் ஓடும் ஆலையை மூன்று குழுவினர் நடத்தினால் ஒவ்வொருவர் தலையிலும் 56 மணி விழும். நான்கு குழுவாயின் 42. ஆதலின் 45 மணிக்குள் அடங்கவேண்டுமெனின் நான்காவது குழு இன்றியமையாதது. அப்பொழுதும், சனியும் ஞாயிறும் ஒருசேர ஓய்வாக வருவது ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறையே. முறை மாறும் திசையும் கவனிக்கற்பாலது. காலை முறையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்கும் மாறுவதை உடல் ஒருவாறு ஏற்கும்; இரவிலிருந்து மாலைக்குப் பின்னோக்கி மாறுவது கடினம். மனிதரின் உடற்கடிகாரம் பெரும்பாலும் 24 மணியைவிடச் சற்று நீண்டதாதலின் பிந்தி உறங்குவது அதற்கு எளிது, முந்தி உறங்குவது அரிது. இப்பட்டியலைத் தயாரிப்பவர் செலவொன்றுமின்றிச் செய்யக்கூடிய உபகாரம் இது.

1983 இன் பின்னர் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஊரடங்குச் சட்டம் மாலைப்பொழுதை விழுங்கியது. வேலை 5 மணிக்கு முடிந்தாலும், அதன்பின் போவதற்கு வாசிகசாலையுமில்லை, கடற்கரையுமில்லை. மணிகள் இருந்தன, பொழுது இல்லை. அக்காலத்தில் கிண்ணியாவிலிருந்து நகருக்கு வேலைக்கு வருவோர் பாதையில் ஏறிக் களப்பைக் கடக்கவேண்டும். பாதைக்குக் காத்திருந்த நேரமும் அவர்களின் சொந்த நேரமே. 2009 இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபொழுது அது போக்குவரத்து வசதியெனப் போற்றப்பட்டது. நமக்கோ அது நாள்தோறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் திருப்பிக் கொடுக்கப்பட்ட சிறு ஓய்வூதியமாகத் தோன்றுகின்றது. 2022 இல் எதிர்மாறானது நேர்ந்தது. எரிபொருளின்மையால் அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமையும் சிலகாலம் விடுமுறையாக்கி, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு கூறினார்கள். அந்நாள்களைப் பலர் பெற்றோல் வரிசையிலேயே கழித்தனர். சீனக்குடாவில் தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்தில் இவ்வாறு நேர்ந்ததென்பதை வருங்காலத்தவர் நம்புவார்களோ என்னவோ.

கடைசியாக, நாம் மிகவும் கவலையுறும் ஒரு சாராரைப் பற்றிச் சொல்லவேண்டும். பாடசாலை காலை 7.30 முதல் 1.30 வரை, வாரத்துக்கு 30 மணி. அதன்பின் ரியூசன். நாளுக்கு இரண்டு மணியாக ஐந்து நாளும், சனி ஞாயிறு நான்கு நான்காகவும் கணக்கிட்டால் மேலும் 18. ஆக 48; வீட்டில் படிக்கும் நேரம் இதிற் சேரவில்லை. கடைச் சிப்பந்திக்கு 45 என்று எல்லையிட்டு, வாரத்தில் ஒன்றரை நாள் கட்டாய விடுமுறையும் வைத்த நாட்டில், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவ்விரண்டும் இல்லை. தந்தைக்கு ஓய்வு செவ்வாயன்று, தாய்க்கு சனி ஞாயிறு, பிள்ளைக்கு என்றுமில்லை. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஓய்வு உண்டாயினும் அக்குடும்பத்துக்கு ஓய்வு இல்லை. நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை ஏற்றவர்கள் இதே நோயின் சிறிய வடிவத்தை நன்கு அறிவர்.

நம்முட் பலர் இன்று கந்தோர்த் தலைவர்களாகவும், ஆலை மேற்பார்வையாளராகவும், வணிகராகவும், ஆசிரியராகவும் உள்ளனர். ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ பூரணைகள் வருகின்றன. பெரும்பாலார்க்கு ஒருசேர வரும் ஓய்வு அவைதாம். அந்நாள்களில் சிறப்பு வகுப்பு வைக்காதிருத்தல் ஆசிரியர் கையில் உள்ளது. முறைவேலைப் பட்டியலை ஒரு திங்களுக்கு முன்னரே ஒட்டிவிடுதலும், பிள்ளைகளையுடையோர்க்கு நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறேனும் தவறாது கிடைக்கப் பார்த்தலும் மேற்பார்வையாளர் கையில் உள்ளன. இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. பட்டியலில் கையெழுத்திடுமுன் அதிலுள்ள பெயர்களுக்குரிய வீடுகளை ஒருகணம் நினைத்துக்கொண்டால் போதும்.