செங்கோட்டைக் கணவாயும் பத்தொன்பதாம் பாடமும்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் நனைந்தபடி மேலே பார்ப்பவருக்கு மலையும் மேகமும்தான் தெரியும். அங்கிருந்து தெற்கே அகத்தியமலை வரை நீளும் உயர்ந்த சோலைக்காடுகளில் ஒரு சின்னஞ்சிறு நீலப் பறவை வாழ்கிறது. அசம்பு சோலைக்கிளி என்று அதற்குப் பெயர். தனி இனம் என்று 2017-இல்தான் அறிவியல் அதை ஏற்றது. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய் வரை அதன் உறவினமான வெண்வயிற்றுச் சோலைக்கிளி இருக்கிறது. இரண்டுக்கும் மூதாதை ஒன்றே. குளிர்ந்த மலைச்சோலையை விட்டு இறங்காத பறவைகளுக்கு, கொல்லம் ரயில் போகும் இந்தத் தாழ்ந்த கணவாயே பெரும் தடை. நெடுங்காலம் பிரிந்திருந்ததில் தனித்தனி இனங்களாகிவிட்டன. பரிணாமம் என்பது இதுதான். தென்காசிப் பிள்ளைகளுக்கு அதற்கான சான்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

வகுப்பறையில் இருக்கிறதா? மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி., கொரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமைக் குறைப்பு என்று சொல்லி, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் ‘மரபும் பரிணாமமும்’ பாடத்திலிருந்து பரிணாமத்தை 2022-இல் நீக்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கடிதத்தில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது என்.சி.இ.ஆர்.டி.யின் பதில். பத்தாம் வகுப்புக்குப் பின் வணிகவியலோ கணினியோ எடுக்கும் பிள்ளை அந்தப் பாடத்தை எங்கே படிக்கும்? அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 2018-இலேயே மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் சொன்னது தவறு, குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. இன்றிருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பரிணாமம் சொல்லவில்லை. இருவருக்கும் பொது மூதாதை உண்டு என்றே சொல்கிறது.

தமிழக அரசின் நிலை வேறு. 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 19-ஆவது அலகே ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’. ஆகவே நம் ஊர் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பாடமே இல்லாமல் போகும் ஆபத்து. அரசுப் பள்ளியில் ஆண்டிறுதி அவசரத்தில் கேள்வி-பதிலாகச் சுருங்கிப்போகும் ஆபத்து. இரண்டாவதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கும் விவசாயிக்கு வயலே பதில் சொல்லும். முன்பு கேட்ட மருந்துக்கு இன்று புகையான் பூச்சி சாவதில்லை. மருந்துக்குத் தப்பியவை பெருகித் தலைமுறை மாறியதுதான் காரணம். இது புரிந்த பிள்ளை, அதே மருந்தைக் கூட்டி அடிக்கும் அப்பாவைத் தடுக்கும்.

சாமி கும்பிடுகிறவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போகிறவரும் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் தம் நம்பிக்கையோடே இந்தப் பாடத்தைப் படிக்கலாம். ஆனால் நம்பிக்கையைப் பாடமாக்க முடியாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. உதவிபெறும் பள்ளியிலும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலும் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை அதில் உட்கார வைக்கக்கூடாது. 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில், மாற்றுத்திறன் முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று வெளியாள் ஒருவர் மாணவியரிடம் பேசினார். அங்கேயே எழுந்து தட்டிக்கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். பேசியவர் கைதானார். உங்கள் பள்ளிக்குப் பேச வருபவர் யார், யார் அனுமதித்தது என்று கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பில் 1976-இல் சேர்ந்த 51ஏ(எச்) பிரிவு சொல்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் பாடம் கேட்டு வாங்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான்; பத்தாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியிருக்கும். டார்வின் கொள்கையை எதிர்த்து வந்த பொதுநல மனுவையும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எனவே வழக்கைவிட ஊருக்குள்ளேயே செய்யக்கூடியதுதான் பலன் தரும். அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். பாடம் நடந்ததா என்று கூட்டத்தில் கேட்டுத் தீர்மானமாக எழுத வைக்கலாம். சரியான பதில் இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417, அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். தனியார் பள்ளியென்றால் பெற்றோர் சேர்ந்து முதல்வரைப் பாருங்கள். நூலில் இல்லாததைக் கற்பிக்கக்கூடாது என்று எந்தத் தடையும் இல்லை.

இன்று இரவு பிள்ளையின் அறிவியல் நோட்டை வாங்கிப் பாருங்கள். பத்தொன்பதாம் பாடத்துக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று எண்ணுங்கள்.