கண் திறக்கும் கலை

நுழையும்முன்

மனிதரின் கண்ணொளியைக் கவரும் குறைகள் பல. அவற்றுள் பெரும்பாலும் மீட்கத்தக்கது கண்புரை. சில நிமிடங்களில் முடியும் அறுவை மருத்துவம் இருந்தும், பழைய அச்சத்தால் மங்கலான பார்வையோடு காத்திருப்போர் இன்றும் உளர். அம்மருத்துவம் வளர்ந்த வரலாற்றையும் அது நிகழும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளியோசை ஓய்வதில்லை. அங்கே உருவாகும் தெய்வச் சிலைக்கு எல்லா உறுப்புகளும் வடிக்கப்பட்ட பின்னரே கண் திறக்கப்படும். அதுவரை அது கல். கண் திறந்தபின் தெய்வம் என்பது மரபு. அவ்வாறு கண் திறந்த சிற்பியின் கண்களே முதுமையில் மங்குவதும் உண்டு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில், வலைக்கண்ணின் அறுபட்ட இழையை விரலால் தடவிக் கண்டறியும் முதியவர்களும் இருக்கின்றனர். இவர்களுள் பலரின் இடர்ப்பாட்டிற்குக் காரணம் கண்புரையே. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் நேர்ந்ததாகும்.

புரை படரும் விதம்

கண்ணின் பாவைக்குப் பின்னே விழிலென்சு அமைந்துள்ளது. நீரும் புரதமும் சேர்ந்த அது, இளமையில் பளிங்குபோல் தெளிந்திருந்து ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. வயது ஏற ஏற அதிலுள்ள புரதங்கள் சிதைந்து திரள்கின்றன. முட்டையின் வெண்கரு சூட்டில் வெளுப்பதுபோல், தெளிந்த லென்சு மெல்லமெல்ல மங்குகிறது. இதுவே கண்புரை. இது கண்ணின்மேல் வளரும் தோல் அன்று. உள்ளிருக்கும் லென்சில் நேரும் மாற்றம். ஆதலால் சொட்டுமருந்தோ மூலிகைச் சாறோ இதனைக் கரைப்பதில்லை.

முதுமையே முதன்மைக் காரணம். நீரிழிவு, புகைப்பழக்கம், கண்ணில் படும் அடி, ஸ்டீராய்டு மருந்துகளின் நெடுநாள் பயன்பாடு ஆகியன புரையை விரைவுபடுத்துகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் இப்பட்டியலில் அடங்கும். நீரிலும் மணலிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலில் வாழ்நாளைக் கழிக்கும் மீனவர்க்கும் உப்பளத் தொழிலாளர்க்கும் அக்கதிர்களின் தாக்கம் மிகுதி.

கண்புரையில் வலி இராது. பனிமூட்டத்தின் ஊடே பார்ப்பதுபோல் தோன்றும், நிறங்கள் பழுப்பேறும், இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளி கூசும்.

ஊசி முதல் மீயொலி வரை

புரையை நீக்கும் முயற்சி பழைமையானது. மங்கிய லென்சை ஊசியால் தள்ளிக் கண்ணின் அடியில் இறக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள், நோயுற்ற கண்களின் ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. 1819இல் சென்னையில் தொடங்கப்பெற்ற கண் மருத்துவமனை எழும்பூரில் இன்றும் பணியாற்றி வருகிறது.

பின்னாளில் லென்சையே வெளியே எடுக்கும் முறை பரவியது. ஆயினும் அதற்குப் பெரிய கீறலும் தையலும் வேண்டியிருந்தன. நோயாளர் தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்க நேர்ந்தது. எடுத்த லென்சுக்கு ஈடாக, 'சோடாபுட்டி' எனப்பட்ட தடித்த கண்ணாடியை அணிந்தனர். இன்றைய முதியோர் பலரின் அச்சம் அக்காலத்து நினைவிலிருந்து பிறந்ததே.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானிகளின் கண்களில் தைத்த ஒருவகை நெகிழித் துணுக்குகள், அழற்சியை உண்டாக்காமல் கிடப்பதை அவர் கண்டார். அப்பொருளால் ஆன செயற்கை லென்சை 1949இல் கண்ணுக்குள் பொருத்தினார். 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு கெல்மன், பல் மருத்துவர் பயன்படுத்திய மீயொலிக் கருவியைக் கண்டு, புரையை மீயொலியால் நுண்துகளாக்கி உறிஞ்சும் முறையை உருவாக்கினார். அதுவே இன்று 'பேக்கோ' எனப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தும், அக்கைகளால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். இறக்குமதி லென்சின் விலை எளியோர்க்கு எட்டாதிருந்தமையால், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் வாயிலாக லென்சு தயாரிப்புத் தொடங்கியது.

அறுவை அரங்கில்

அறுவைக்கு முன் இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்க்கப்படுகின்றன. கண்ணின் நீளமும் வளைவும் அளக்கப்பட்டு, ஒவ்வொருவர்க்கும் ஏற்ற லென்சின் திறன் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் முழு மயக்கம் தருவதில்லை. சொட்டுமருந்தாலோ ஊசியாலோ கண் மட்டும் மரத்துப்போகச் செய்யப்படுகிறது. நோயாளர்க்கு ஒளி தெரியும். மருத்துவரின் குரல் கேட்கும். நீர் வழியும் குளிர்ச்சி புலப்படும். இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். தலையை அசைத்தல் கூடாது.

மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறல் வழியே புரை துகளாக்கி நீக்கப்படுகிறது. லென்சைத் தாங்கியிருந்த மெல்லிய உறை அப்படியே விடப்படும். சுருட்டிச் செலுத்தப்படும் செயற்கை லென்சு அவ்வுறைக்குள் விரிந்து அமர்கிறது. கீறல் தையலின்றித் தானே மூடிக்கொள்கிறது. முதிர்ந்து கெட்டிப்பட்ட புரைக்குச் சற்றுப் பெரிய கீறல் தேவைப்படலாம். பெரும்பாலான அறுவைகள் அரைமணி நேரத்திற்குள் முடிவதால், பலர் அன்றே வீடு திரும்புகின்றனர்.

பார்வை திரும்பிய பின்

முதல் சில நாள்கள் கண்ணில் உறுத்தலும் கூச்சமும் இருக்கலாம். மருத்துவர் கூறியபடி சில வாரங்கள் சொட்டுமருந்து இடவேண்டும். கண்ணைக் கசக்குதல், அழுக்கு நீர் படவிடுதல், பளு தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். கடலுக்குச் செல்வதும் கல் செதுக்குவதும் மருத்துவர் இசைந்த பின்னரே. வலி மிகுந்தாலோ, கண் சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ உடனே மருத்துவரை நாடவேண்டும். அரிதாக நேரும் தொற்று பார்வையையே பறிக்கக்கூடியது. படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம். சிலர்க்குச் சில ஆண்டுகளில் லென்சின் பின்னுறை மங்குவதுண்டு. லேசர் ஒளியால் அதனைச் சரிசெய்யலாம். விழித்திரையோ பார்வை நரம்போ முன்பே பழுதுற்றிருப்பின் முழுப் பார்வை திரும்புவதில்லை.

'புரை முற்றட்டும்' என்று காத்திருந்தது அக்கால வழக்கம். இன்று அன்றாடப் பணி தடைபடும்போதே அறுவை செய்துகொள்ளலாம். மிகமுற்றிய புரையோ அறுவையைக் கடினமாக்கும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் ஏழை எளியோர்க்குக் கட்டணமின்றி இச்சிகிச்சை கிடைக்கிறது. ஆயினும் அழைத்துச் செல்ல ஆளின்மையால் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிடும் பாட்டனும் பாட்டியும் பலர். மருத்துவமனை வரை துணையாக வரும் ஒரு பேரனோ பேத்தியோ அவ்விருளுக்கு முடிவு கட்டலாம்.

பழுப்பேறிய லென்சு நீங்கியபின் நீலமும் வெண்மையும் முன்னினும் தெளிவாகத் தெரியும் என்பது பலரின் பட்டறிவு. கட்டவிழ்த்து வீடு திரும்பும் முதியவர்க்குக் கடல் மீண்டும் நீலமாகிறது. வலையின் கண்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்படுகின்றன. சிலைக்குக் கண் திறக்கும் கடற்கரையில் மனிதர்க்கும் கண் திறக்கிறது.