எட்டுக் கிழமைக் கணக்கு

சென்ற மாத மருத்துவ உரைக்குப் பிறகு ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டார்: "கருப்பைக் கழுத்தில புற்றுநோய் எண்டு ரேடியேசன் குடுக்கினம். நான் தப்புவனோ எண்டு டொக்டர்மாருக்கு எப்பிடித் தெரியும் தம்பி?"

அவர்கள் சாத்திரம் பார்ப்பதில்லை. கட்டியின் பருமன், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா, இரத்தசோகை உண்டா என்று பார்க்கிறார்கள். சில கிழமை வெளியிலிருந்து கதிர் கொடுத்தபின், எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். அந்தப் படத்தை வைத்தே, உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிரின் அளவைத் தீர்மானிக்கும் முறையை எம்பிரேஸ் ஆய்வு சோதித்தது. 2021இல் வெளியான முடிவில், சுமார் 1,300 பெண்களில் 92 வீதமானோருக்கு ஐந்தாண்டுவரை அவ்விடத்தில் நோய் கட்டுப்பட்டிருந்தது. 2024இல் வெளியான இன்டர்லேஸ் ஆய்வில், கதிருக்கு முன் ஆறு கிழமை மருந்தேற்றியவர்களில் 80 வீதமானோர் ஐந்தாண்டு தாண்டினர். ஏற்றாதவர்களில் 72 வீதம்.

கதைத்துக்கொண்டு போகத்தான் அக்கா இன்னொன்றைச் சொன்னார். பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டிவர ஆளில்லையென்று இரண்டு நாள் சிகிச்சைக்குப் போகவில்லையாம்! கதிர்ச்சிகிச்சை முழுவதும் எட்டுக் கிழமைக்குள் முடியவேண்டும். இழுபட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். "அந்த வீதமெல்லாம் எல்லாரையும் சேர்த்த கணக்கு அக்கா. நீங்கள் உங்கட நாளை விடாதேங்கோ, விட்ட நாளைப் பற்றி டொக்டரிட்டை இண்டைக்கே சொல்லுங்கோ" என்றேன்.

இப்போது பக்கத்து வீட்டு மாமி பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்.