மீன்தொட்டியின் அடியில் கல் போடலாமா?

மாணவர்களே, உங்கள் பள்ளியில் அக்குவாபோனிக் தொட்டி இருக்கிறதா? கீழே தொட்டியில் திலாப்பியா, மேலே சரளைக்கல் நிரப்பிய தட்டில் கங்கோங் கீரை. சிறிய பம்பு ஒன்று தண்ணீரை மேலே ஏற்றும். அது கற்களின் ஊடே வடிந்து மறுபடியும் தொட்டிக்கே வந்து சேரும்.

எங்கள் பள்ளியில் இதை அமைத்தபோது ஒரு மாணவி, "ஆற்றின் அடியில் கல் இருக்கிறதே, டீச்சர். நாமும் தொட்டிக்குள் கல் போடலாமா?" என்று கேட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு சாண் உயரத்துக்குக் கல்லைக் கொட்டினோம். தொட்டி அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் அழுகிய முட்டை நாற்றம். ஏழு மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

என்ன நடந்தது? ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 100 கிராம் மீன் தீவனத்தில் 32 கிராம் புரதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். அப்படியானால் தீவனத்தில் சுமார் 5 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் தன் உடலில் சேர்ப்பது அதில் சிறு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலந்துவிடும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். ரஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு வாக்கில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கீரைக்கு வேண்டியது அந்த நைட்ரேட்தான்.

இந்தப் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ ஒரு பரப்பு வேண்டும். கல் அதைத் தரும். என் மாணவி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு ஆக்ஸிஜனும் வேண்டுமே! மேல்தட்டில் தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் கற்களுக்கு இடையே காற்று புகுகிறது. தொட்டியின் அடியிலோ தண்ணீர் அசைவதே இல்லை. மீன்கழிவும் தின்னாத தீவனமும் கல் இடுக்கில் இறங்கி, பம்புக்கு எட்டாமல் அங்கேயே தங்கிவிடும். அவை அழுகும்போது இருக்கிற ஆக்ஸிஜனும் தீர்ந்துபோகும். அதன்பின் காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். நான் முகர்ந்த நாற்றம் அதுதான். மிகக் குறைந்த அளவிலேயே மீனின் சுவாசத்தை முடக்கிவிடும் வாயு அது.

அது கல்லுக்கு அடியிலேயே கிடந்திருந்தாலாவது தப்பித்திருப்போமோ என்னவோ. திலாப்பியா சும்மா இருக்காதே! ஆண் மீன் இனப்பெருக்கத்துக்காக அடித்தளத்தை வாயால் கிளறிக் குழி பறிக்கும். எங்கள் தொட்டியிலும் ஒரு மூலையில் தட்டு அளவுக்குப் பள்ளம் இருந்தது.

இந்த மீன் ஓயாமல் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்புவது பழைய தலைவலி. அதைத் தீர்க்க முயன்ற ஆய்வு ஒன்று நம் மலாக்காவில், பத்து பிரண்டாமில் நடந்தது தெரியுமா? அங்கிருந்த வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் ஹிக்லிங் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஜாவா வகைப் பெண் திலாப்பியாவையும் சான்சிபார் வகை ஆணையும் கலந்தார். பிறந்த குஞ்சுகள் எல்லாம் ஆண்! 1960இல் வெளியான அவருடைய கட்டுரையில் மலாக்காவின் பெயரே தலைப்பில் இருக்கிறது. அந்தச் சாலையில் பேருந்தில் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, கல் மேல்தட்டில் இருக்கட்டும், 30 சென்டிமீட்டர் ஆழம் போதும். தொட்டியின் அடி வெறுமையாக, ஒரு பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும். தாழ்ந்த இடத்தில் பம்பை வையுங்கள். அழகுமீன் கடைகளில் கல்லுக்கு அடியில் வடிகட்டி வைத்த கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தண்ணீர் கல்லின் ஊடே ஓடிக்கொண்டே இருக்கும், மீனும் குறைவு. அதனால் அங்கே கல் தொல்லை தருவதில்லை.

மேல்தட்டுக்குக் கல் வாங்கினால் முதலில் அதன்மேல் கொஞ்சம் புளிக்காடி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். தண்ணீரின் பிஎச் அளவை உயர்த்தி அம்மோனியாவின் நஞ்சைக் கூட்டிவிடும். கருங்கல் சரளை நுரைக்காது.

ஏற்கெனவே தொட்டிக்குள் கல் போட்டுவிட்டீர்களா? மீன் உள்ளே இருக்கும்போது கிளறாதீர்கள். மீன்களை அதே தண்ணீர் நிரப்பிய வேறு பீப்பாய்க்கு மாற்றிக் காற்றுக்குழாய் போட்டுவிட்டுக் கல்லை அள்ளுங்கள். மேல்தட்டுக் கற்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். அதிலுள்ள குளோரின், நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.